கார்டு போனால் திறனும் போகுமா? திறன்கள் மோதும் இடங்கள் பற்றி ஓர் இழை

மார்ச் 4

வாசகர் ஒருவரின் கேள்வி: "மேஜிக் ஆட்டத்தில் என்னிடம் ரெஸ்ட் இன் பீஸ் களத்தில் இருந்தது. எதிராளியின் உயிரினத்தில் 'இது இறக்கும்போது ஒரு கார்டு எடு' என்று எழுதியிருந்தது. மூன்று சேதம் கொடுக்கும் லைட்னிங் போல்ட் போட்டு அதைக் கொன்றேன். அவர் கார்டு எடுத்துக்கொண்டார். செத்தது செத்ததுதானே, எங்கே போய்ச் சேர்ந்தால் என்ன என்கிறார். யார் சொல்வது சரி?"

நீங்கள் சொல்வதுதான் சரி. அவர் கார்டு எடுத்திருக்கக் கூடாது.

மேஜிக் (மேஜிக்: த கேதரிங்) என்ற இந்தக் கார்டு ஆட்டத்தில் 'இறப்பது' என்றால் களத்திலிருந்து, தீர்ந்துபோன கார்டுகளைப் போடும் இடமான கல்லறைக்குப் போவது. அதைத் தவிர வேறு பொருள் அதற்கு இல்லை. ரெஸ்ட் இன் பீஸ் என்ன சொல்கிறது? கல்லறைக்குப் போகவேண்டிய கார்டு எதுவானாலும் அதற்குப் பதிலாக ஆட்டத்திலிருந்து வெளியேற்றப்படும் என்கிறது. 'பதிலாக' என்றால், முதலில் கல்லறைக்குப் போய் அங்கிருந்து எடுத்து அப்புறம் வெளியேற்றுவது அல்ல. கல்லறைக்குப் போகும் நிகழ்வே நடப்பதில்லை. அந்த இடத்தில் வேறொரு நிகழ்வு நடக்கிறது. நடக்காத ஒன்றைப் பார்த்து எந்தத் திறனும் விழித்துக்கொள்ளாது.

மார்ச் 4, இரவு

உடனே இன்னொருவர் எழுதிவிட்டார்: "அப்படியானால் கார்டை முந்திக்கொண்டு அழித்தால் அதன் திறனும் செத்துவிடும் என்று எடுத்துக்கொள்ளலாமா?"

கூடாது. இது முற்றிலும் வேறு விஷயம். இதைத் தெளிவாகப் புரிந்துகொள்ளாதவரை கார்டு ஆட்டத்தில் பாதிச் சண்டை ஓயாது.

பிராடிகல் சார்சரர் என்ற பழைய கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பக்கவாட்டில் திருப்பி வைத்தால் விரும்பிய இலக்குக்கு ஒரு சேதம். எதிராளி அதைத் திருப்பிவிட்டார், உங்கள் 1/1 (தாக்கும் வலிமை ஒன்று, தாங்கும் வலிமை ஒன்று) உயிரினத்தைக் குறிவைத்துவிட்டார். நீங்கள் பதிலுக்கு லைட்னிங் போல்டால் அந்த மந்திரவாதியைக் கொல்கிறீர்கள். மந்திரவாதி கல்லறைக்குப் போகிறான். உங்கள் உயிரினமும் போகிறது. திறன் ஸ்டாக்கில், அதாவது நடக்கக் காத்திருப்பவற்றின் அடுக்கில், ஏறிய நொடியிலேயே அது தன்னைப் பெற்ற கார்டிலிருந்து பிரிந்து தனியாள் ஆகிவிடுகிறது. எய்த வில்லை ஒடித்தால் போன அம்பு நிற்காது.

அவனை முன்னதாகவே, அதாவது அவர் திருப்புவதற்கு முன்பே, கொல்வதுதான் வழி. இல்லையென்றால் அந்தத் திறனையே ரத்து செய்யும் கார்டு வேண்டும். அழிப்பது வேறு, ரத்து செய்வது வேறு. இதை எத்தனை மேசைகளில் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை.

மார்ச் 6

இரண்டு கேள்விகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் குழப்பம் பிறக்கும் இடம் ஒன்றுதான். கார்டு என்ன செய்கிறது என்று எல்லோரும் படிக்கிறார்கள். அந்த வாக்கியம் எந்த வகையைச் சேர்ந்தது என்று யாரும் பார்ப்பதில்லை.

மேஜிக் கார்டுகளில் இதைக் கண்டுபிடிக்க அகராதி தேவையில்லை, கண் போதும். வாக்கியத்தின் நடுவில் முக்காற்புள்ளி இருந்தால் அது நீங்கள் விலை கொடுத்து இயக்கும் திறன். முன்னால் இருப்பது விலை, பின்னால் இருப்பது பலன். விலையைக் கொடுப்பதை யாராலும் இடைமறிக்க முடியாது. 'வென்', 'வெனெவர்', 'அட்' ஆகிய மூன்றில் ஒன்றில் தொடங்கினால் அது தானாகக் கிளம்பும் திறன். ஏதோ ஒன்று நடந்து முடிந்த பிறகுதான் கிளம்பும், கிளம்பிய பிறகு ஸ்டாக்கில் ஏறும், அப்போது பதில் போடலாம். 'இன்ஸ்டெட்' இருந்தால் நிகழ்வையே மாற்றுவது. அது ஸ்டாக்கில் ஏறாது, அதற்குப் பதில் போட இடமும் கிடையாது. இவற்றில் எதுவும் இல்லாமல் வெறுமனே ஓர் உண்மையைச் சொன்னால், 'உன் உயிரினங்கள் ஒவ்வொன்றுக்கும் +1/+1' என்பதுபோல, அது நிலையாக இருக்கும் திறன். கார்டு களத்தில் இருக்கும்வரை உண்மை, போனதும் பொய்.

நான் விளையாடும் இடத்தில் நடுவராக இருப்பவர் ஒருவர் உண்டு. சண்டை என்று அழைத்தால் அவர் கேட்கும் முதல் கேள்வி "என்ன நடந்தது" என்பதல்ல. "கார்டை வாய்விட்டுப் படியுங்கள்" என்பார். பெரும்பாலான நேரம் படித்து முடிப்பதற்குள் இருவரில் ஒருவர் தானாகவே பேச்சை நிறுத்திவிடுவார். அவரிடமிருந்துதான் இந்தப் பழக்கத்தைக் கற்றேன். பழகிப்போன கார்டை யாரும் படிப்பதில்லை. நினைவில் இருப்பதைத்தான் படித்ததாக நம்புகிறோம்.

மார்ச் 7

நான்கு வகை என்று சொன்னதில் ஒரு திருத்தம் தேவை. விதிநூலைக் கையில் வைத்திருப்பவர்கள் கேட்கும் முன் நானே எழுதிவிடுகிறேன். மேஜிக் விதிநூல் மாற்றும் விளைவைத் திறனின் தனி வகையாகக் கணக்கிடுவதில்லை. பெரும்பாலும் அது நிலையாக இருக்கும் திறனிலிருந்து பிறக்கும் ஒரு விளைவு. ரெஸ்ட் இன் பீஸ் களத்தில் நிலையாக இருப்பதால்தான் மாற்றிக்கொண்டே இருக்கிறது. இருந்தாலும் மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு நான்காகப் பிரிப்பதுதான் கைகொடுக்கும். விதிநூல் நடுவருக்காக எழுதப்பட்டது.

மார்ச் 8

வாக்கியத்தின் வகை மாறினால் ஆட்டமே மாறும் என்பதற்கு ஒப்ளிவியன் ரிங்கைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. இதைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம்.

அதில் இரண்டு வாக்கியங்கள். ஒன்று: இது களத்துக்கு வரும்போது, நிலம் (மற்றக் கார்டுகளுக்கு விலை கொடுக்க உதவும் கார்டு வகை) அல்லாத வேறொரு கார்டை வெளியேற்று. இரண்டு: இது களத்தைவிட்டுப் போகும்போது, வெளியேற்றிய கார்டைத் திருப்பிக் கொடு. படித்தால் ஒரே எண்ணத்தின் இரண்டு பாதிகள் போலத் தோன்றும். விதியின் கண்ணில் இவை ஒன்றுக்கொன்று காத்திருக்காத இரண்டு தனித் திறன்கள்.

இப்போது ரிங் களத்துக்கு வருகிறது. முதல் திறன் எதிராளியின் நல்ல உயிரினத்தைக் குறிவைத்து ஸ்டாக்கில் ஏறுகிறது. அது நடக்கும் முன், உங்கள் ரிங்கை நீங்களே ஏதோ ஒரு வழியில் அழித்துவிடுகிறீர்கள். ரிங் போனதால் இரண்டாவது திறன் கிளம்பி ஸ்டாக்கில் முதலாவதன் மேல் உட்காருகிறது. மேலே இருப்பதுதான் முதலில் நடக்கும். 'வெளியேற்றிய கார்டைத் திருப்பிக் கொடு' என்கிறது. இன்னும் எதுவுமே வெளியேறவில்லை, ஆகவே திருப்பிக் கொடுக்க ஒன்றுமில்லை. பிறகு முதல் திறன் நடக்கிறது. உயிரினம் வெளியேறுகிறது. அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய வாக்கியம் ஏற்கெனவே வந்து போய்விட்டது. அந்த உயிரினம் அந்த ஆட்டத்தில் திரும்பவே திரும்பாது.

மேஜிக் 2014 தொகுப்பில் வந்த பனிஷர் பிரீஸ்ட் போன்ற கார்டுகளில் இதே வேலையை ஒரே வாக்கியத்தில் எழுதினார்கள்: இது களத்தைவிட்டுப் போகும்வரை அந்த உயிரினத்தை வெளியேற்று. 'வரை' என்று ஒரு காலக்கெடு வந்துவிட்டது. திறன் நடக்கும் முன்பே பிரீஸ்ட் களத்தைவிட்டுப் போயிருந்தால் கெடு தொடங்கும் முன்பே முடிந்துவிட்டது என்று பொருள், ஆகவே உயிரினம் வெளியேறுவதே இல்லை. எதிராளிக்கு இது நியாயமான வாக்கியம். எனக்கும் இதுதான் பிடிக்கும். படித்தவுடன் மனதில் தோன்றுவதும் விதிப்படி நடப்பதும் ஒன்றாக இருக்கும் கார்டுதான் நன்றாக எழுதப்பட்ட கார்டு.

மார்ச் 10

யு-கி-ஓ என்ற இன்னொரு கார்டு ஆட்டம் ஆடும் நண்பர் ஒருவர் நுழைந்திருக்கிறார்: "ஸ்டாக் என்று நீங்கள் சொல்வது எங்கள் செயின்தானே?"

உறவு உண்டு, ஆனால் ஒன்றல்ல. இரண்டிலும் கடைசியாக வந்தது முதலில் நடக்கும். ஆனால் மேஜிக்கில் ஸ்டாக்கின் ஒவ்வொரு படி நடந்து முடிந்ததும் மூச்சுவிட இடம் இருக்கிறது. மீதிப் படிகள் காத்திருக்கும்போதே புதிதாக ஒன்றை மேலே ஏற்றலாம். யு-கி-ஓவில் செயின் நடக்கத் தொடங்கிவிட்டால் கடைசிவரை மடமடவென்று நடந்து முடியும். இடையில் யாரும் எதையும் சேர்க்க முடியாது. போதாததற்கு அங்கே வேகம் என்று ஒன்று இருக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று. எதிராளியின் செயலை மறிக்கும் பொறிக் கார்டான கவுன்டர் டிராப்புக்கு வேகம் மூன்று. அதற்குப் பதிலாக இன்னொரு கவுன்டர் டிராப்பைத்தான் போட முடியும்.

மார்ச் 4 இரவு எழுதிய மந்திரவாதி விவகாரம் அங்கேயும் உண்டு. நீங்கள் தாக்கும்போது எதிராளி, தாக்கும் நிலை அரக்கர்களை அழிக்கும் மிரர் ஃபோர்ஸைத் திறக்கிறார். நீங்கள் செயினில் மிஸ்டிக்கல் ஸ்பேஸ் டைஃபூனைப் போட்டு அதை அழிக்கிறீர்கள். மிரர் ஃபோர்ஸ் அழிந்தது, ஆனாலும் உங்கள் தாக்கும் நிலை அரக்கர்கள் அத்தனையும் போய்விடும். டைஃபூன் அழிக்கும், ரத்து செய்யாது. ஆனால் கால் ஆஃப் த ஹான்டட் போன்ற தொடர் டிராப்பை இதேபோல அழித்தால் அதன் விளைவு நடக்காது. ஏனென்றால் தொடர்ந்து களத்தில் இருந்தால்தான் அது வேலை செய்யும் கார்டு. ஆக அங்கேயும் கேட்கவேண்டிய கேள்வி அதேதான். இது எந்த வகை?

மார்ச் 11

அதே நண்பர் மீண்டும் வந்து பீட்டன் த டார்க் க்ளௌனைப் பற்றிக் கேட்கிறார். கல்லறைக்கு அனுப்பப்படும்போது அதை வெளியேற்றி இன்னொரு பீட்டனை அழைக்கலாம் என்பது அதன் திறன். பெரிய அரக்கனை அழைப்பதற்குப் பலியாகக் கொடுத்தபோது மட்டும் ஏன் அழைக்க முடியவில்லை?

'வென்' என்று தொடங்கி 'யூ கேன்' என்று தொடர்கிறது பாருங்கள். யு-கி-ஓவில் இப்படி எழுதப்பட்ட விருப்பத் திறனுக்கு ஒரு கடுமையான நிபந்தனை உண்டு. அந்த நிகழ்வுதான் கடைசியாக நடந்ததாக இருக்கவேண்டும். பலி கொடுத்த பிறகு பெரிய அரக்கன் களத்தில் இறங்குவதுதான் கடைசி நிகழ்வு. பீட்டன் கல்லறைக்குப் போனது அதற்கு முந்தையது. தருணம் தவறிவிட்டது. அதே வாக்கியம் 'இஃப்' என்று தொடங்கியிருந்தால் தவறியிருக்காது. கட்டாயமாக நடக்கும் திறனாக இருந்தாலும் தவறாது.

எனக்கு இந்த விதியின்மேல் மனத்தாங்கல் உண்டு. ஒரு சிறு சொல்லுக்கு இவ்வளவு பாரத்தை ஏற்றினால் புதிதாக வருபவர் முதல் தோல்வியிலேயே மனம் வெறுத்துப்போவார். ஆனால் 2011இல் அவர்கள் கார்டு எழுதும் முறையை ஒழுங்குபடுத்தியதை மனமாரப் பாராட்டுவேன். முக்காற்புள்ளிக்கு முன் நிபந்தனை, அரைப்புள்ளிக்கு முன் விலை, அதற்குப் பின் பலன். ஒரு முறை கண்ணில் பதிந்துவிட்டால் அதற்குப் பின் வந்த எந்தக் கார்டையும் நிறுத்தக்குறிகளை வைத்தே பிரித்துவிடலாம்.

மார்ச் 11, பின்னிரவு

போகிமான் கார்டு ஆட்டத்தைப் பற்றிக் கேட்டவருக்கு: அங்கே ஸ்டாக்கும் இல்லை, செயினும் இல்லை. உங்கள் முறையில் நீங்கள் ஆடுகிறீர்கள், எதிராளி கார்டு போட்டுக் குறுக்கிட முடியாது. ஒரு திறன் முழுதாக முடிந்த பிறகுதான் அடுத்தது. சிறுவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுக்க எளிது. அங்கே தகராறு வருவது பெரும்பாலும் திறன்களையே அணைக்கும் திறன்களால்தான். அதைப் பிறகு எழுதுகிறேன்.

மார்ச் 13

லேயர்கள், அதாவது மேஜிக்கில் விளைவுகளைக் கணக்கிடும் அடுக்குகள். கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள், எழுதிவிடுகிறேன்.

உங்கள் 2/2 உயிரினத்தின்மேல் ஜயன்ட் குரோத் போட்டீர்கள். +3/+3, ஆக 5/5. அதன்பிறகு எதிராளி டர்ன் டு ஃபிராக் போடுகிறார். உங்கள் உயிரினம் எல்லாத் திறன்களையும் இழந்து, அடிப்படையில் 1/1 ஆன தவளையாகிறது. இப்போது அது என்ன? பெரும்பாலானோர் 1/1 என்பார்கள். பின்னால் வந்தது முன்னால் வந்ததை அழித்துவிடும் என்ற நினைப்பு.

அது 4/4 தவளை.

மேஜிக் நிலையான விளைவுகளையும் கெடுவுள்ள விளைவுகளையும் வந்த வரிசையில் கணக்கிடுவதில்லை. ஏழு லேயர்களாகப் பிரித்து, ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கணக்கிடுகிறது. நகல், உடைமை, எழுத்து, வகை, நிறம், திறன், கடைசியாக வலிமை. வலிமைக்குள்ளேயும் உட்பிரிவுகள் உண்டு. 'இது இவ்வளவு' என்று நிர்ணயிப்பது முதலில், 'இவ்வளவு கூட்டு' என்பது பிறகு. தவளை நிர்ணயிக்கிறது, குரோத் கூட்டுகிறது. எது எப்போது வந்தாலும் ஒன்றோடு மூன்றைக் கூட்டினால் நான்குதான்.

ஒரே லேயருக்குள் இரண்டு விளைவுகள் மோதினால்தான் வந்த நேரம் பார்ப்பார்கள். அதற்கும் ஒரு விலக்கு உண்டு. பிளட் மூன் களத்தில் இருந்தால், அடிப்படை நிலம் அல்லாத நிலங்கள் எல்லாம் மலை. அர்போர்க் என்ற நிலம், எல்லா நிலங்களும் கூடுதலாகச் சதுப்பு நிலமும் ஆகும் என்கிறது. இரண்டும் வகையை மாற்றுபவை, ஒரே லேயர். ஆனால் அர்போர்க்கும் அடிப்படை நிலம் அல்ல. பிளட் மூன் அதை மலையாக்கினால் அதன் திறனே போய்விடும். இப்படி ஒன்றின் இருப்பே மற்றொன்றைச் சார்ந்து நின்றால், சார்ந்து நிற்பது காத்திருக்கவேண்டும். ஆகவே அர்போர்க் முன்னால் வந்திருந்தாலும் பின்னால் வந்திருந்தாலும் பிளட் மூன்தான் முதலில் நடக்கும். அர்போர்க்கால் சதுப்பான நிலம் ஒன்றுகூட இருக்காது.

மார்ச் 13, சற்றுக் கழித்து

போகிமானில் பாக்கி வைத்தது இங்கே பொருந்துகிறது. கார்போடர் என்ற போகிமானின் கார்போடாக்சின் என்ற திறன், அதன்மேல் டூல் (கருவி) கார்டு இருக்கும்வரை எல்லாப் போகிமான்களின் திறன்களையும் இல்லாமல் செய்கிறது. அப்படியானால் தன் திறனையும் இல்லாமல் செய்யாதா? எழுதியவர்கள் யோசித்திருக்கிறார்கள். 'கார்போடாக்சின் நீங்கலாக' என்று கார்டிலேயே அச்சிட்டுவிட்டார்கள். மேஜிக் பொது விதி வைத்துத் தீர்ப்பதை இவர்கள் கார்டுக்குள்ளேயே தீர்த்துவிடுகிறார்கள். ஆடுபவருக்கு இரண்டாவது வழி எளிது. புதுப்புதுக் கார்டுகள் ஆயிரக்கணக்கில் சேரும்போது முதல் வழிதான் தாங்கும்.

மார்ச் 16

ஒருவர் கேட்கிறார்: "உங்கள் 2/2 குரோத்தால் 5/5 ஆனது, லைட்னிங் போல்டால் மூன்று சேதம் வாங்கியது. முறை முடியும்போது குரோத் தீர்ந்து 2/2 ஆகிவிடுமே. மூன்று சேதத்தோடு சாகாதா?"

சாகாது. முறை முடியும் கட்டத்தில் சேதம் அகல்வதும் 'முறை முடியும்வரை' என்ற விளைவுகள் தீர்வதும் ஒரே நேரத்தில் நடக்கும் என்று விதி சொல்கிறது. ஒன்றுக்குப் பின் ஒன்றாக நடந்திருந்தால் உங்கள் உயிரினம் அங்கேயே விழுந்திருக்கும். விதிநூல் முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த வரி இது. அந்த ஒரு வரி இல்லாவிட்டால் ஜயன்ட் குரோத் போன்ற கார்டுகளுக்கு மதிப்பே இருந்திருக்காது.

ஆனால் இதையும் கவனியுங்கள். சேதம் என்பது வலிமையிலிருந்து கழிக்கப்படும் எண் அல்ல, மேலே போட்டு வைக்கும் குறி. இரண்டு சேதம் வாங்கிய 3/3 பிழைத்திருக்கும். அதன்மேல் இப்போது டர்ன் டு ஃபிராக் விழுந்தால் இரண்டு சேதத்துடன் 1/1. உடனே சாகும். தவளையாக்கும் மந்திரம் கொலை மந்திரம் ஆகிவிடுகிறது. இப்படிச் சாவது ஸ்டாக்கில் ஏறாது, பதில் போட நேரமும் இருக்காது. காப்பாற்றுவதாக இருந்தால் தவளை மந்திரம் ஸ்டாக்கில் இருக்கும்போதே காப்பாற்றவேண்டும்.

போர்ச் சேதம் ஒரு காலத்தில் ஸ்டாக்கில் ஏறிக்கொண்டிருந்தது. 1999இல் ஆறாம் பதிப்பு விதிகள் ஸ்டாக்கைக் கொண்டுவந்தபோது தொடங்கிய வழக்கத்தை 2009இல் மேஜிக் 2010 தொகுப்போடு எடுத்துவிட்டார்கள். மாக் ஃபனாட்டிக் வைத்திருந்தவர்கள் அன்று வருந்தினார்கள். போரில் சேதத்தை ஸ்டாக்கில் ஏற்றிவிட்டு, அதையே பலி கொடுத்து இன்னொரு சேதமும் கொடுப்பார்கள். திறமையான ஆட்டம்தான். இருந்தாலும் செத்துப்போன உயிரினம் எழுந்து வந்து அடிப்பதுபோல இருந்தது. எடுத்தது சரி.

மார்ச் 17

"கார்டுக்கும் விதிநூலுக்கும் மோதல் வந்தால் கார்டுதான் வெல்லும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சரி. இரண்டு கார்டுகள் மோதினால்? ஒன்று 'செய்யலாம்' என்கிறது, மற்றொன்று 'செய்ய முடியாது' என்கிறது. முடியாது என்பதுதான் வெல்லும். மேஜிக் விதி 101.2. வந்த வரிசை, கார்டின் விலை, எதுவும் செல்லாது.

மார்ச் 21

ஒப்ளிவியன் ரிங்குக்கே திரும்பி வந்துவிட்டார் ஒருவர். மூன்று ரிங்குகள் இருந்து, நிலம் அல்லாத வேறு கார்டு களத்தில் எதுவுமே இல்லையென்றால் என்ன ஆகும் என்று கேட்கிறார்.

முதல் ரிங் இரண்டாவதை வெளியேற்றி வைத்திருக்கிறது. மூன்றாவது வருகிறது. குறிவைக்க முதல் ரிங்கைத் தவிர வேறு இல்லை. முதலாவது போகிறது, இரண்டாவது திரும்புகிறது. அது மூன்றாவதை வெளியேற்றுகிறது. முதலாவது திரும்பி வந்து இரண்டாவதை வெளியேற்றுகிறது. இதற்கு முடிவே இல்லை. யாரும் 'வேண்டாம்' என்று சொல்லவும் முடியாது, ஏனென்றால் கார்டில் 'விரும்பினால்' என்று இல்லை. இதை உடைக்க யாரிடமும் கார்டு இல்லையென்றால் ஆட்டம் சமன். சுழற்சியை நிறுத்துவது ஓர் ஆட்டக்காரரின் விருப்பத்தில் இருந்தால் கதை வேறு. எத்தனை முறை சுழலவேண்டும் என்று அவர் ஓர் எண்ணைச் சொல்வார், அதற்குப் பிறகு நிறுத்தித்தான் ஆகவேண்டும்.

2019இல் மூன்று ஆய்வாளர்கள் ஒரு படி மேலே போனார்கள். கட்டாயத் திறன்களை மட்டும் வைத்தே மேஜிக் ஆட்டத்துக்குள் ஒரு முழுக் கணினியைக் கட்டலாம் என்று காட்டினார்கள். அப்படிக் கட்டிய ஆட்டத்தில், இனி யாரும் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை என்ற நிலை வந்த பிறகும்கூட, வெல்பவர் யார் என்பதை எல்லா நேரத்திலும் கணித்துச் சொல்லும் நிரல் எதுவும் இருக்க முடியாது. விதிகள் தெளிவில்லாததால் அல்ல. ஒவ்வொரு அடியும் துல்லியமாகத் தெரிகிறது, இருந்தும் முடிவு தெரிவதில்லை. படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

மார்ச் 22

கடைசியாக வந்த கேள்வி, மாற்றும் விளைவுகள் இரண்டு மோதுவது பற்றி. உங்கள் உயிரினத்தின்மேல் ஒரு +1/+1 கவுன்டர் (வலிமையைக் கூட்டும் அடையாள வில்லை) வைக்கிறீர்கள். ஹார்டன்ட் ஸ்கேல்ஸ் இருக்கிறது, ஒன்று கூடுதலாக வை என்கிறது. டபிளிங் சீசன் இருக்கிறது, இரட்டிப்பாக்கு என்கிறது.

இங்கே வந்த நேரம் பார்க்கவேண்டாம், லேயரும் பார்க்கவேண்டாம். நிகழ்வு யாருடைய பொருளைத் தொடுகிறதோ அவரே வரிசையைத் தேர்ந்தெடுப்பார். முதலில் கூட்டி அப்புறம் இரட்டித்தால் நான்கு, முதலில் இரட்டித்து அப்புறம் கூட்டினால் மூன்று. உயிரினம் உங்களுடையது என்பதால் நான்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நிகழ்வில் ஒவ்வொரு மாற்றும் விளைவும் ஒரு முறைதான் வேலை செய்யும், ஆகவே அந்த நான்கை மறுபடி இரட்டிக்க முடியாது. உங்கள் உயிரினத்தின்மேல் கவுன்டரை வைப்பது எதிராளியின் கார்டாக இருந்தாலும் வரிசையைத் தேர்ந்தெடுப்பது நீங்கள்தான்.